மல்லிகைச் சரமும் கல்லடிக் கல்லும்

06.08.2025, புதன். மட்டக்களப்பு

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் அடித்தது கச்சான். எங்கள் வவுனியாவில் கச்சான் என்றால் வறுத்துப் பேப்பர்ச் சுருளில் தரும் கடலை. இங்கே அது காற்றுக்கும் பெயர். தென்மேற்கிலிருந்து புறப்பட்டு, ஈரத்தையெல்லாம் மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு, வெறும் சூட்டை மட்டும் சுமந்துகொண்டு கிழக்கே இறங்கும் காற்று. ஆடி மாதத்தில் மட்டக்களப்புக்கு வருகிறோம் என்று சொன்னபோதே சிநேகிதி ஒருத்தி எச்சரித்திருந்தாள். உதடு வெடித்து, கண் எரிந்து, தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் மூன்று மணி. வீட்டுக்காரப் பெண் எங்களைக் கண்டதும் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இரண்டு பெரிய செம்புகளில் மோர் கொண்டுவந்து வைத்தார். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்ட மோர். "முதல்ல குடிங்க, மறுகா பேசுவம்" என்றார்.

இந்தப் பயணம் அப்பாவுடையது. வர வேண்டியவர் அவர், வந்தவர்கள் நாங்கள்.

அப்பா தமிழ் ஆசிரியர். இளவயதில் மட்டக்களப்பு ஆசிரியர் கலாசாலையில் படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் கடந்து கல்லடி உப்போடைக்குப் போய், தமிழறிஞரான துறவி சுவாமி விபுலாநந்தரின் சமாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாராம். சமாதிக் கல்லில் சுவாமியின் பாட்டே பொறிக்கப்பட்டிருப்பதைப் பற்றி ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் பின்னேர விளக்கு வைத்ததும் அந்தப் பாட்டுத்தான். 'வெள்ளை நிற மல்லிகையோ, வேறெந்த மாமலரோ' என்று கேள்வி வரும் அடிகள் அண்ணாவுக்கு. 'உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது' என்று பதில் வரும் அடிகள் எனக்கு. அண்ணா கேட்பார், நான் சொல்வேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவார். அண்ணா ஜேர்மனிக்குப் போன பிறகு கேள்வி கேட்க ஆளில்லாமல் அந்தப் பழக்கம் நின்றுபோனது. மாசியில் அப்பாவும் போய்விட்டார். அண்ணா இந்த முறை வந்ததும் சொன்ன முதல் சொல், "உப்போடைக்குப் போவம், பிள்ளை."

வெயில் சாய்ந்ததும் காந்தி பூங்காவுக்கு நடந்தோம். வாவிக் கரையோரம் கல்லிருக்கைகள், குழந்தைகள், கடலை விற்கிறவர்கள். பக்கத்தில் 'மட்டக்களப்பு வாசல்'. மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் 1814இல் தோணியில் வந்து இறங்கிய இடமென்று சொல்வார்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரியைத் தொடங்கியவர், மறு வருடமே இறந்துபோனார். ஒரு வருடம்கூட முழுசாக வாழாத ஊர் இருநூறு வருடமாக அவரை நினைவு வைத்திருக்கிறது. அண்ணா அங்கிருந்த அவர் சிலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

அவர் இருப்பது பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில். அடுத்த ஊர் ஹானாவ், கிரிம் சகோதரர்கள் பிறந்த இடம். மூத்தவர் ஜேக்கப் 1785, இளையவர் வில்ஹெல்ம் 1786. ஹானாவின் சந்தைச் சதுக்கத்தில் 1896இல் வைத்த வெண்கலச் சிலையில் தம்பி புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அண்ணன் பக்கத்தில் நின்று அதைக் குனிந்து பார்க்கிறார். அவர்கள் சிறுவயதைக் கழித்த ஸ்டைனாவ் என்ற சின்ன ஊரில் அவர்கள் சேர்த்த கதைகளைச் செதுக்கிய நீரூற்று ஒன்றும் இருக்கிறதாம். "பிள்ளையள் தண்ணியிலை கையை விட்டுக்கொண்டு, இது எந்தக் கதை, அது எந்தக் கதையெண்டு தாய்மாரிட்டைக் கேக்குங்கள். முதல் தரம் அதைப் பாத்த அண்டைக்கு எனக்கு எங்கடை விளக்குவைக்கிற நேரம்தான் ஞாபகம் வந்தது" என்றார் அண்ணா. முப்பது வருடத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "சாமிட சமாதிக்கா வந்தீங்க?" என்று தொடங்கினார். 2012 ஏப்ரலில் இந்த நகரத்தில் காந்தி, சாரணர் இயக்கத்தின் பேடன் பவல், சுவாமி விபுலாநந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை நால்வரின் சிலைகளும் ஒரே இரவில் உடைக்கப்பட்டதைச் சொன்னார். விடிய வந்து பார்த்தவர்களில் அவரும் ஒருவர். "காந்திய உடச்சதுக்கு ஒரு காரணம் தேடலாம் தம்பி. பாட்டுப் படிச்ச மனிசர உடைக்க என்ன காரணம் தேடுவீங்க?" அவர் குரல் உயரவேயில்லை. எழும்பும்போது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எந்தக் கடைக்குப் போக வேண்டும், எந்தக் கடைக்குப் போகக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்ன கடையில் பிட்டு, சூடை மீன் பொரியல், முருங்கைக்காய் போட்ட மீன் குழம்பு, கூனிச் சம்பல். கூனி என்பது அரிசியளவு சின்ன இறால், காயவைத்து, தேங்காய்ப்பூவோடு இடித்தது. இருவருக்கும் 860 ரூபா. அண்ணா மூன்றாம் தடவை கூனிச் சம்பல் கேட்டபோது கடைக்காரர் கிண்ணத்தையே கொண்டுவந்து மேசையில் வைத்தார், கணக்கில் சேர்க்கவில்லை.

07.08.2025, வியாழன். காரைதீவு

சமாதிக்கு முன் பிறந்த ஊர் என்று அண்ணா முடிவெடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் காரைதீவு என்றால் வயதானவர்கள் யாழ்ப்பாணத்துக் காரைநகரைத்தான் நினைப்பார்கள், அதன் பழைய பெயர் அது. புத்தளத்திலும் ஒரு காரைதீவு உண்டு. சுவாமியின் காரைதீவு அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்குத் தெற்கே, கடலோரம்.

காலை ஏழு மணி பஸ். இந்தக் கரையோர வீதியில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் வேறெதுவும் வேண்டாம். காத்தான்குடியில் நடுவீதியில் பேரீச்சை மரங்கள், இந்த வெக்கைக்கு அவை மட்டும் முகம் வாடாமல் நின்றன. கழுதாவளையில் வெற்றிலைக் கொழுந்துக் கூடைகள் ஏறின, பஸ் முழுக்க அந்தக் காரமான பச்சை வாசம். கல்லாற்றுப் பாலங்களில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. மருதமுனையில் தறிச் சேலைகள் கடை வாசலில் ஆடின. ஒரு தமிழூர், ஒரு முஸ்லிம் ஊர், பிறகு ஒரு தமிழூர் என்று மாறி மாறி வருகிறது. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறதென்பதைக் கோபுரமும் மினாராவும் சொன்னால்தான் தெரியும். மதில்களும் வேலிகளும் வாழைகளும் ஒரே மாதிரி.

அந்த அழகில்தான் இறங்க வேண்டிய இடம் தவறியது. காரைதீவுச் சந்தியில் சொல்கிறேன் என்ற நடத்துநர் ஏறியவர்களிடம் காசு வாங்கிக்கொண்டிருந்ததில் மறந்துபோனார். நான் சந்தி எதுவென்று கேட்டபோது பஸ் நிந்தவூருக்குள் வந்துவிட்டது. பெரிய பையோடு நடுவெயிலில் இறக்கிவிடப்பட்டோம். அண்ணாவின் செருப்பின் வார் அந்த இறக்கத்திலேயே அறுந்தது. வீதியோரத்தில் ஓட்டோவுக்குள் உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "காரைதீவா? ஏறுங்க. முதல்ல செருப்பத் தைப்பம்" என்றார். செருப்புத் தைக்கிறவரிடம் அவரே கொண்டுபோய், அறுபது ரூபாவுக்குத் தைத்து முடியும்வரை காத்திருந்து, எங்களைச் சந்தியில் இறக்கிவிட்டு 200 ரூபா மட்டும் வாங்கிக்கொண்டார். சாமியைப் பார்க்க வந்தோம் என்றதும், "நாங்களும் பள்ளிக்கூடத்தில அவர்ர பாட்டுத்தானே படிச்ச" என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டேன். யோசிக்கவேயில்லை, 'வெள்ளை நிற மல்லிகையோ' என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சொன்னார். கேள்வி அடிகளை அவர் சொல்ல, பதில் அடி என் வாயில் தானாக வந்தது. அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சந்தியில் சுவாமியின் சிலை. இங்கே 1892 மார்ச்சில் மயில்வாகனன் என்ற பெயரோடு பிறந்த பிள்ளை. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்தார். விஞ்ஞானத்தில் டிப்ளோமா, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் எல்லாவற்றையும் விட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அப்பா இந்தப் பட்டியலைச் சொல்லும்போது 'விஞ்ஞானம்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்துவார். தமிழ் படிக்கிறவனுக்குக் கணக்கு வேண்டாம் என்று நினைத்திருந்த அண்ணாவுக்காக அந்த அழுத்தம். மறைந்துபோன யாழின் நரம்புகளையும் சுரங்களையும் ஒருவர் கணக்குப் போட்டுத்தான் மீட்டெடுத்தார் என்பதை அண்ணா அப்படித்தான் முதலில் கேள்விப்பட்டார்.

பிறந்த வீடிருந்த வளவில் நினைவு மண்டபம். உள்ளே குளிர்ச்சி, வெளியே நெருப்பு. காவலிருந்த தம்பி எங்களைச் சுவர்ப் படங்களோடு விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அரைமணி நேரம் எங்கள் இருவரைத் தவிர யாரும் வரவில்லை. அது எனக்கு வலித்தது. மதில் வெளியே ஆட்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள், ஒருவராவது எட்டிப் பார்க்கமாட்டார்களா என்று இருந்தது. பிறகுதான் கண்ணகை அம்மன் கோயிலடிக்குப் போனோம்.

கண்ணகி என்று சொன்னால் இங்கே திருத்திவிடுவார்கள், 'கண்ணகை'. கோயிலடியில், வேப்பமர நிழலில், ஓலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி எங்களை உட்காரச் சொன்னார். வைகாசியில் கதவு திறந்து, இரவிரவாகக் கண்ணகி வழக்குரை பாடி, கடைசியில் குளிர்த்தி செய்வதைச் சொன்னார். மதுரையை எரித்த கோபம் இன்னும் ஆறாமல் வந்தவளைத் தண்ணீரால் குளிர்விக்கும் சடங்கு அது. "அம்மாள் சூட்டோட வந்திருக்காள். நாங்க குளிரப்பண்ணாட்டி ஆரு பண்ணுற?" அந்த 'நாங்க' என்ற சொல்லில் இருந்த உரிமையை எழுத எனக்குத் தெரியவில்லை.

சிலப்பதிகாரத்தைப் பாடிய இளங்கோ, கண்ணகிக்குக் கல் எடுத்த சேரன் செங்குட்டுவனின் தம்பி என்பது மரபு. அண்ணன் கல் நட்டான், தம்பி பாட்டு நட்டான். கல் எடுத்த விழாவுக்கு இலங்கையிலிருந்து கயவாகு மன்னனும் போயிருந்தான் என்று அந்தக் காப்பியமே சொல்கிறது. அந்தக் கல் எங்கேயோ போய்விட்டது. இந்த ஊரில் ஆச்சிக்குப் பாட்டு இருக்கிறது. பழைய யாழ்களை ஆராய்ந்து சுவாமி எழுதிய யாழ்நூலுக்கு வேர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பதினான்கு வருடம் தேடிய மனிதரின் காதில் சிறுவயதில் விழுந்தது எது என்பதற்கு ஆச்சியின் குரலே போதும். நான் அந்த வேப்பமரத்தடியில் அதைத்தான் நம்பினேன், இன்னும் நம்புகிறேன்.

ஆச்சியிடம் மண்டபம் வெறுமையாக இருந்ததைச் சொல்லி ஆதங்கப்பட்டேன். பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல், "சாமி எங்கட ஊர்ப் பிள்ளை. ஊட்டுப் பிள்ளைய ஆரும் போய்ப் போய்ப் பாக்கிறயா?" என்றார். எழும்பும்போது இரண்டு செவ்விளநீர் வெட்டித் தந்தார். காசை நீட்டினேன், கையைத் தள்ளிவிட்டார். பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. 2004இல் அந்தக் கடல் இந்த ஊரிலிருந்து கொண்டுபோனவர்களைப் பற்றி அவர் சொன்னது ஒரே வசனம், "எண்ட ரெண்டும் அதிலதான் போன." பிறகு திரும்பவும் பெட்டி இழைக்கத் தொடங்கினார். நாங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழும்பினோம்.

திரும்பும் வழியில் கல்முனையில் சோறு, நண்டுக் குழம்பு, ஒருவருக்கு 650 ரூபா. அண்ணா வாய் திறக்கவில்லை.

08.08.2025, வெள்ளி, போயா. கல்லடி உப்போடை

போயா என்ற பௌர்ணமி விடுமுறை, வெள்ளிக்கிழமை வேறு. சந்தையில் பாதிக் கடைகள் மூடிக்கிடந்தன. பூக்கடை ஒன்று மட்டும் திறந்திருந்தது. நான் மல்லிகைச் சரம் நான்கு முழம் வாங்கினேன், முழம் 150. ஓட்டோவில் பழைய லேடி மனிங் பாலத்தைப் பார்த்துக்கொண்டே புதுப் பாலத்தால் கடந்தோம். புதுப் பாலம் 2013இல் வந்தது. பழைய இரும்புப் பாலத்தின் நடுவில்தான் அப்பா நின்று காற்று வாங்கியிருப்பார், அந்த வயதில் சைக்கிளும் அவரிடம் இருந்திருக்காது.

சிவானந்த வித்தியாலயம் சுவாமியின் உழைப்பில் 1929இல் எழுந்தது. விடுமுறையென்பதால் வளவு முழுக்க காகங்களின் குரல் மட்டும். வாசலில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னோம். "அப்பாவுக்காகவா?" என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

யாழ்நூல் 1947 ஜூன் 5, 6ஆம் நாட்களில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. சுவாமி அப்போதே நோயாளி. ஆறு கிழமை கழித்து, ஜூலை 19இல், கொழும்பில் மறைந்தார். உடலை இங்கே கொண்டுவந்து, தான் கட்டியெழுப்பிய பள்ளிக்கூடத்தின் முன்றலிலேயே அடக்கம் செய்தார்கள். இதெல்லாம் படித்துத் தெரிந்தவை. கல்லுக்கு முன்னால் நிற்கும்போது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அப்பா தொடையில் போட்ட தாளம்தான் வந்தது.

மல்லிகைச் சரத்தைப் பையிலிருந்து எடுத்தேன். அப்போது முன்றலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் ஈர்க்கு விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். சரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேணாமெண்டு சாமி எழுதி வெச்சதத்தானே கொண்டு வந்திருக்கிங்க, மளே."

கோபம் இல்லை, நையாண்டி இல்லை. தெரியாத பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லித் தருகிற குரல். வெள்ளை நிறப் பூவுமல்ல, வேறெந்த மலருமல்ல. எத்தனை ஆயிரம் தடவை நான் சொன்ன அடி! பதில் சொல்ல வேண்டியவள் நான்தான், அந்தப் பதிலைக் கேட்காமலே நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மா சரத்தை என் கையிலிருந்து வாங்கினார். ஒரு முழத்தை ஈர்க்கால் அறுத்து என் கொண்டையில் வைத்துவிட்டார். மீதியை, "எண்ட பேத்திக்கு இண்டைக்கு நடன வகுப்பு" என்று வாழையிலைத் துண்டில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அண்ணா தொடங்கினார். கேள்வி அடிகள். ஜேர்மனியில் இயந்திரத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நின்றதில் அவருக்கு இடக்காது அறவே கேட்காது, வலக்காதில் கருவி. அதனால் குரல் சற்று உரக்கத்தான் வரும். காகங்கள் எழும்பிப் பறந்தன. முதற் பாட்டு முடிந்தது, உள்ளக் கமலம். இரண்டாம் பாட்டு 'காப்பவிழ்ந்த தாமரையோ' என்று தொடங்கும். சின்ன வயதில் தாமரை கையிலிருந்த காப்பைக் கழற்றிவிட்டது என்றே நினைத்திருந்தேன். காவலாக மூடியிருந்த மொட்டு நெகிழ்ந்து விரிவதுதான் அது என்று அப்பா ஒருநாள் தன் கைகளைக் குவித்துத் திறந்து காட்டினார். அதற்குப் பதில், கூப்பிய கைக் காந்தள். மூன்றாவதன் பதில், நாட்டவிழி நெய்தல். மனசு, கை, கண். மூன்று பூவும் நம்மிடமே இருக்கின்றன, சந்தையில் முழம் 150க்கு வாங்க முடியாது. மூன்றாம் பாட்டின் கேள்வியில் அண்ணாவின் குரல் உடைந்தது. கூட்டிக்கொண்டிருந்த அம்மா விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார், அடி பிசகாமல்.

வெளியே வந்ததும் அண்ணா சொன்னார், "ஸ்டைனாவிலை அந்தப் பிள்ளையள் கையை நனைக்கிற மாதிரி, இஞ்சை அந்த அம்மா ஒவ்வொருநாளும் கூட்டுறா." அவ்வளவுதான் சொன்னார்.

கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கியது. மதில் வெளியே நின்று பார்த்தோம். பேத்தியின் வகுப்பு இங்கேயா, வேறெங்காவது வீட்டிலா என்று கேட்க மறந்துபோனது இப்போதும் உறுத்துகிறது.

இரவு. முழுநிலவு. வாவிக்குள் பாடுவதாகச் சொல்லும் பாடுமீனைக் கேட்க இதைவிட நல்ல இரவு இல்லையென்று தங்குமிடத்து அக்கா சொல்லியிருந்தார், ஆனால் காற்று விழ வேண்டும். ஒன்பது மணிவரை கச்சான் வாவியைக் கலக்கிக்கொண்டேயிருந்தது. ஒன்பதரைக்குக் கையால் அணைத்த விளக்குப் போல நின்றது. பாலத்தடியில் தோணிக்காரர் ஒருவர் 1500 ரூபாவுக்குச் சம்மதித்தார். நடுவாவியில் துடுப்பை நிறுத்தி, அதன் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைக்கச் சொன்னார்.

முதலில் ஒன்றுமில்லை. என் இரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு, வெகு ஆழத்திலிருந்து, தம்புராவின் ஒரு தந்தியை யாரோ மீட்டிவிட்டு விரலை எடுத்தது போல. நின்றது. திரும்ப வந்தது. இந்த முறை சற்று மேலே. இன்னொன்று அதற்குக் கீழே. மேனி சிலிர்த்தது.

"மீனில்ல, ஊரிதான் பாடுற எண்டு எங்கட பெத்தப்பா சொல்லுவார்" என்றார் தோணிக்காரர். ஊரி என்பது வாவியடியில் கிடக்கும் சங்குச் சிப்பி. மீனென்பார் உண்டு, ஊரியென்பார் உண்டு. விபுலாநந்தர் இதை நீரரமகளிரின் இன்னிசையாக்கி யாழ்நூலிலேயே பாடிவைத்தார். விஞ்ஞானம் படித்த மனிதர், தன் வாழ்நாள் நூலுக்குள் தன் ஊர்த் தண்ணீரின் சத்தத்துக்கு இடம் வைத்தார்.

அண்ணா தண்ணீரில் விழுந்துவிடும் என்று பயந்து காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். துடுப்பில் வெறுங்காதை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்து தலையாட்டினார், இல்லை. கருவியைப் போட்டுக்கொண்டும் பார்த்தார், தோணியில் தண்ணீர் தட்டும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அப்போது முகத்தை அவர் திருப்பிக்கொண்டதை நிலவு காட்டிக்கொடுத்தது. நான் துடுப்பில் காதை வைத்துக்கொண்டே, கேட்ட சுரத்தை அவர் வலக்காதருகே மெல்ல முனகினேன். வருகிறபோது முனகல், நிற்கிறபோது நிறுத்தம்.

"ஒரே சுரமோ?"

"ரெண்டு. இடைக்கிடை மேலை போய் வருது."

"மேலை எண்டால் எவ்வளவு?"

முனகிக் காட்டினேன். அவர் விரல் தோணி விளிம்பில் தட்டத் தொடங்கியது. தோணிக்காரர் துடுப்பை எடுக்கவேயில்லை. கரைக்கு வந்தபோது பேசிய நேரத்தைவிட ஒரு மணி கூடியிருந்தது. கூடக் கொடுத்த ஐந்நூறை வாங்க மறுத்து, "ஐயாவுக்குக் கேட்டுதா?" என்று மட்டும் கேட்டார். அண்ணா "ஓம்" என்றார்.

09.08.2025, சனி. திரும்பும் வழி

மட்டக்களப்புக்கு வந்துவிட்டு எருமைத் தயிர் வாங்காமல் போக முடியாது. இரண்டு மண்சட்டிகள், ஒவ்வொன்றும் 600 ரூபா. சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் தயிர் விழாது என்று கடைக்காரர் செய்தே காட்டினார். ஒன்றை அண்ணா மடியில் வைத்துக்கொண்டார், மற்றது என் காலடியில், துண்டு சுற்றி.

ஹபரணைக்குச் சற்று முன்பு பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் என் காலடிச் சட்டி இரண்டாகப் பிளந்தது. பஸ் நின்ற தேநீர்க் கடையில் அதைத் துண்டோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். கடைக்காரச் சிங்களப் பெண் பார்த்ததும் உள்ளே போய் இரண்டு பீங்கானும் தயிரில் ஊற்ற ஒரு போத்தல் கித்துள் பாணியும் (பாகு) கொண்டுவந்தார். எங்களுக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அறவே இல்லை. பீங்கானை நீட்டி நடத்துநருக்கும் சாரதிக்கும்கூடத் தயிர் பங்கிட்டோம். பாணிக்குக் காசு வாங்கவில்லை.

மடியிலிருந்த சட்டி முழுசாக வவுனியா வந்து சேர்ந்தது. விளக்கு வைக்கிற நேரம். அப்பாவின் படத்துக்கு முன்னால் சட்டியை வைத்தேன். பூ வைக்கவில்லை. அண்ணா முதலடியைத் தொடங்கினார்.